பாசி வளர்த்த மாஸ் அண்ணன்

தமிழ்நாட்டில் இதுவரை பிறந்தவர்களிலேயே மிகவும் உருப்படாத காரியத்தை மிகவும் சிரத்தையாகச் செய்தவர் எங்கள் மாஸ் அண்ணன்தான். இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரம் அணைத்துச் சொல்வேன். நாய் வளர்ப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். புறா வளர்ப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். வரவேற்பறையில் கண்ணாடித் தொட்டி வைத்து, அதற்கு விளக்கு போட்டு, மின்விசிறி போட்டு, பாசி வளர்த்த மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். அதுவும் பக்கத்து வீட்டில், மாதா மாதம் வாடகை கொடுத்துக்கொண்டு.

பாசி என்றால் ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். மழைக்காலத்தில் கிணற்றுச் சுவரிலும் பாத்ரூம் மூலையிலும் பச்சையாகப் படருமே, அதே பாசி. நீங்களும் நானும் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, அப்பாடா என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வோமே, அதைத்தான் இவர் ஸ்பூனால் நோகாமல் சுரண்டி, ஈரத்துணியில் சுற்றி, வீட்டுக்கு அழைத்து வருவார்.

ஆரணியில் சேவூர் போகிற பக்கம் எங்கள் காம்பவுண்டு. முன்வீட்டில் ஹவுஸ் ஓனர், பட்டுப்புடவை வியாபாரி. பின்னால் ஒட்டிப் பிறந்த மாதிரி இரண்டு வீடுகள். ஒன்றில் நானும் என் மனைவி சுதாவும். இன்னொன்றில் மாஸ் அண்ணனும் அவர் மனைவி கலா அக்காவும். எனக்குச் செய்யாரில் கம்பெனி வேலை. நைட் ஷிப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் வந்து பகலில் தூங்குகிறவன். கண்ணை மூடினால் போதும், சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய தொட்டி மோட்டார் குர்ரென்று ஆரம்பித்துவிடும். யாரோ என் காதுக்குள் மாவு அரைப்பது போல் இருக்கும்.

அவருக்குத் தொழில் தண்ணீர் ஃபில்டர் மாட்டுவதும் ரிப்பேர் பார்ப்பதும். அதாவது, ஊரார் தண்ணீரில் பச்சையாக எதுவும் வராமல் பார்த்துக்கொள்வதற்குச் சம்பளம் வாங்கி, தன் வீட்டில் பச்சையாக எதையாவது வரவழைப்பதற்குச் செலவு செய்தார். ஒருமுறை எங்கள் வீட்டு ஃபில்டரைக் கழற்றினார். வெயில் பட்டு உள்ளே பச்சை பிடித்திருந்தது. சுதா வெட்கப்பட்டுக்கொண்டு நிற்கிறாள். இவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முகமெல்லாம் மலர்ந்து, "யம்மா, இத்த எவ்ளோ நாளா வளக்கறீங்க?" என்று கேட்டார்.

மாஸ் என்ற பெயர் வந்த கதை சின்னது. தொட்டியை முதலில் வைத்தபோது எல்லோரையும் போல் நானும் போய்ப் பார்த்தேன்.

"இன்னாண்ணே இது, பாசியா?"

"பாசின்னு சொல்லாதப்பா. பாசி வேற, இது வேற. இதும் பேரு மாஸ்."

"மாஸுன்னா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "தமிழ்ல பாசின்னுதான் சொல்றாங்க" என்றார்.

அன்றைக்கே பெயர் நிலைத்துவிட்டது. ஒட்டடைக் குச்சி போன்ற உடம்போடு, பழைய மொபெட்டில், காலுக்கிடையில் பக்கெட்டை வைத்துக்கொண்டு அவர் தெருமுனையில் திரும்பினால், டீக்கடையில் இருக்கிறவர்கள் "மாஸு வர்றாரு, வழி உடுங்கப்பா" என்று எழுந்து நிற்பார்கள். அவர் அதை மரியாதை என்றே எடுத்துக்கொண்டார். வலது கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார். கலசப்பாக்கத்தில் இருந்த அவருடைய மாமனாருக்கு, மாப்பிள்ளை பாசி வளர்க்கிறார் என்று அரைகுறையாகச் செய்தி போய், அவர் பஸ்ஸில் ஒரு மூட்டை பாசிப்பயறு விதை போட்டு அனுப்பினார்.

முதல் தொட்டி முழுக்கத் தண்ணீர். காட்டிலும் சுவரிலும் காற்றோட்டமாகக் கிடந்த பாசியைக் கொண்டுபோய்த் தண்ணீருக்கு அடியில் அமுக்கினால் என்ன ஆகும்? அழுகியது. காம்பவுண்டே நாறியது. உடனே இவர் முறையை மாற்றினார். தொட்டியில் கீழ்ப்பாதி தண்ணீர், அதில் சின்னச் சின்ன மீன்கள். மேல்பாதியில் கல்லும் கட்டையும் அடுக்கி, அவற்றின் மேல் பாசி. மோட்டார் தண்ணீரை மேலே இழுத்துக் கல்லின்மீது வழியவிடும். பார்த்தால் ஒரு மலைச்சரிவைச் சுருக்கி வைத்த மாதிரி இருக்கும் என்பது அவர் கட்சி. சாக்கடை ஓரத்தைப் பெருக்கி வைத்த மாதிரி இருக்கிறது என்பது என் கட்சி. இதற்குப் பெயர் பலூடேரியம் என்று ஓனரிடம் போய்ச் சொன்னார்.

"பலூடாவா? ஐஸ்கிரீம் கட போடப் போறியா? வூட்டு வாடகைக்குதான் குடுத்தேன், கடைக்கு இல்ல. இப்பவே சொல்லிட்டேன்" என்றார் ஓனர்.

எங்கள் பக்கத்து போர் தண்ணீர் உப்பு. அது பட்டால் பாசி கருகிவிடும். ஆகவே வீட்டிலிருந்த ஒரே ஃபில்டரின் தண்ணீர் முழுவதும் பாசிக்குப் போனது. ஊருக்கெல்லாம் ஃபில்டர் மாட்டுகிறவர் வீட்டில் கலா அக்கா கேன் தண்ணீர் வாங்கிச் சமைத்தார். கோடையில் பாசிக்குச் சூடு ஆகாதாம். வீட்டிலிருந்த டேபிள் ஃபேன் தொட்டிப் பக்கம் திரும்பியது. அக்கா காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து உட்கார்வார்.

"நானு பாசியா பொறந்திருந்தா இந்த வூட்ல ராணி மாதிரி இருந்திருப்பேன் சுதா. பொம்பளையா பொறந்து பேஜாராப் போச்சி."

கொசுவத்தி கொளுத்தினால் அண்ணன் ஓடி வருவார், புகை பாசிக்கு ஆகாது என்று. பாத்ரூம் கழுவினால் ஓடி வருவார், பினாயில் நெடி ஆகாது என்று. வந்தவர் சும்மா போகமாட்டார். பாசிக்கு வேர் கிடையாது, இலையாலேயே தண்ணீர் குடிக்கும், காய்ந்து சருகானாலும் உயிர் விடாது என்று தொடங்கி, நாம் கையிலிருக்கும் காபியைக் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து, மறுபடி வந்து நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

ஒருநாள் "அருவி பாக்கப் போலாம் வா" என்று என்னை ஜவ்வாது மலைக்குக் கூட்டிப் போனார். நானும் நம்பிப் போனேன். அருவிப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு பாறையைச் சுரண்டத் தொடங்கினார். நாங்கள் கொண்டுபோன புளிச்சோற்றை என்னை அவசரமாகத் தின்ன வைத்து, காலியான டிபன் கேரியரில் பாசியை அடுக்கினார். இறங்கும்போது செக்போஸ்டில் வனத்துறைக் காவலர் வண்டியை மறித்தார்.

"அதுல இன்னா?"

"சாப்பாடு சார்" என்றேன் நான்.

திறந்தார். மேலடுக்கில் பச்சை. அடுத்த அடுக்கிலும் பச்சை. முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னாய்யா கீரை இது? மண்ணோட ஆஞ்சிகினு வந்திருக்கீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாஸ் அண்ணன் வண்டியிலிருந்து இறங்கி, "சார், இதுக்கு வேரே கெடையாது, தெரியுமா?" என்று ஆரம்பித்துவிட்டார். அந்த மனிதர் எத்தனையோ மரக் கடத்தல்காரர்களைப் பார்த்திருப்பார். இப்படி ஒருவரைப் பார்த்ததில்லை. நின்றார், உட்கார்ந்தார், தொப்பியைக் கழற்றினார். கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டு, "காட்டுல இருந்து ஒரு எலகூட எடுத்துகினு போவக் கூடாது. எடுத்த எடத்துலயே கொண்டுபோய் வெச்சிட்டு, தயவு பண்ணி வேற வழியாப் போயிடுங்க" என்றார்.

அத்தனை கொண்டை ஊசி வளைவும் திரும்ப ஏறினோம். வேறு எவனாக இருந்தாலும் முதல் வளைவிலேயே கொட்டிவிட்டு வந்திருப்பான். இவர் அதே பாறையைத் தேடிப் பிடித்து, எடுத்த இடத்திலேயே ஒவ்வொரு துண்டாக ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தி, அருவித் தண்ணீரை அள்ளித் தெளித்து, ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றார். பின்சீட்டில் உட்கார்ந்து என் முதுகெலும்பு தேய்ந்ததைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. அதன் பிறகு காட்டுப் பக்கம் போகவில்லை. ஊருக்குள் எந்தக் குழாய் ஒழுகுகிறது, எந்தக் கிணறு பாழடைந்திருக்கிறது என்று அலைய ஆரம்பித்தார். கோயில் குளத்துப் படியில் குந்தி இவர் சுரண்டுவதைப் பார்த்த யாரோ, உழவாரப் பணி என்று நினைத்து மாலை போட்டுப் போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோவை ஃபிரேம் போட்டு மாட்டினார்.

ஓனரோடு பகை வந்தது நூலால். பாசியைக் கல்லில் நிறுத்த நூலால் கட்ட வேண்டும். ஓனரிடம் கழிவுப் பட்டு நூல் கேட்டு வாங்கினார். அரக்கு நிறம். கட்டி வைத்த மறுநாள் தொட்டித் தண்ணீர் ரோஸ் மில்க் போல் ஆகிவிட்டது. பேசாமல் தண்ணீரை மாற்றிவிட்டுப் போகவேண்டியதுதானே? நேரே டீக்கடைக்குப் போய், "ஓனரு பட்டுல சாயம் போவுதுப்பா" என்று சொல்லிவிட்டு வந்தார். ஆரணியில், ஒரு பட்டுப்புடவை வியாபாரியைப் பற்றி! அவருடைய பெண் ஓடிப்போய்விட்டாள் என்று சொல்லியிருந்தால்கூட ஓனர் பொறுத்திருப்பார். சாயங்காலம் காம்பவுண்டு அதிர்ந்தது.

"எவன்டா சொன்னது எம் பட்டுல சாயம் போவுதுன்னு? கழிவு நூலுக்கும் பொடவைக்கும் வித்தியாசம் தெரியாத நாயி!"

"நானு பொடவையைச் சொல்லலீங்க. நூலைத்தான் சொன்னேன்" என்றார் இவர், ரொம்ப விளக்கமாக. அதற்குப் பிறகு ஓனர் சமயம் பார்த்துக் காத்திருந்தார்.

சமயம் அந்த வருஷ அடைமழையில் வந்தது. சுதாவுக்குக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுப் பார்த்தோம், இறங்கவில்லை. ரத்தப் பரிசோதனையில் டெங்கு என்றார்கள். தட்டணுக்கள் மளமளவென்று குறைய, வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். கையில் ஊசி ஏறிய இடமெல்லாம் கன்றிப்போய், பேசக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள். டாக்டர் என்னிடம் கண்ணைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டார். 

அப்போது மாஸ் அண்ணன் இளநீர்களைத் தூக்கிக்கொண்டு வந்து வார்டு வாசலில் நின்றார். எனக்கு எங்கிருந்து வந்ததோ, அவ்வளவு ஆத்திரம்.

"வூட்ல கொசு வளத்துட்டு இங்க எளநீ எடுத்துகினு வர்றீங்களா?"

அவர் இளநீர்களைச் சுவரோரமாக வைத்தார். உருளாமல் இருக்கிறதா என்று பார்த்தார். படியிறங்கிப் போய்விட்டார்.

சுதாவுக்கு மாற்றுத் துணி எடுக்க நான் ஊருக்கு வந்தபோது தொட்டி வெளியே, துணி துவைக்கிற கல் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. கல்லும் கட்டையும் ஒரு மூலையில். மீன்கள் ஒரு பக்கெட்டில் மோதிக்கொண்டிருந்தன. அவர் அத்தனை நாள் சேர்த்த பாசி முழுவதும், அவரே பிளீச்சிங் பவுடர் தூவியதில், குப்பைக் கூடையில் மஞ்சளாக வெளுத்துக் கிடந்தது. கொசு ஒழிப்புக்கு வரும் நகராட்சிப் பெண்கள் இரண்டு பேர் டார்ச்சோடு நின்றிருந்தார்கள். ஓனர் அவர்களைத் தள்ளாத குறையாகத் தொட்டியிடம் கூட்டிப் போனார்.

"இதான்மா. இதுலதான் உற்பத்தி."

அந்தப் பெண்களில் மூத்தவர் பக்கெட்டைப் பார்த்தார். "இந்த மீனுங்க இதுலதான் இருந்துச்சா? அப்போ இதுல எப்படி சார் புழு நிக்கும்? எல்லாத்தையும் துன்னுட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டு, விறுவிறுவென்று ஓனர் வீட்டு மொட்டை மாடிக்கு ஏறினார். அங்கே ஒரு பழைய ஆட்டுக்கல். குழி நிறைய மழைத் தண்ணீர். டார்ச் அடித்ததும் உள்ளே புழுக்கள் துள்ளி விளையாடின.

"அது எங்கம்மா காலத்துக் கல்லும்மா. அதுல எல்லாம் கொசு வராது" என்றார் ஓனர்.

சுதா பிழைத்துக்கொண்டாள். தட்டணுக்கள் ஏறி, கஞ்சி கேட்டு, உப்பு பத்தவில்லை என்று என்னைத் திட்டிய அன்று எனக்கு உயிர் வந்தது. அவளை வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு நேரே பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

"ஏண்ணே, மீன் இருந்தா கொசு வராதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்ப்பா."

"தெரிஞ்சுமா கலைச்சீங்க? அன்னிக்கி ஆஸ்பத்திரியில சொல்லியிருக்கலாம் இல்ல?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "அந்தப் பொண்ணு உள்ள அப்படிக் கெடக்குது. நீ அழுவாத கொறையா நிக்கற. அந்த நேரத்துல உன்ன நிக்க வெச்சி மீனப் பத்தியா பேசிகினு இருக்கச் சொல்ற?"

காவலரைக் கும்பிட வைத்த வாய் அது. அதை மூடிக்கொண்டு, இளநீரை வைத்துவிட்டு, ஆரணி வரைக்கும் பஸ்ஸில் பேசாமலே வந்திருக்கிறார். "அக்கா, காபி இருக்கா?" என்று உள்ளே பார்த்துக் கேட்டேன்.

திருந்திவிட்டார் என்று நினைத்தால் அது உங்கள் தவறு. மழை விடுவதற்குள் இன்னொரு தொட்டி வந்தது, முன்னதைவிடப் பெரியது, மோட்டார் முன்னதைவிடச் சத்தம். போன வருஷம் மாமனார் கொடுத்த மனையில் வீடு கட்டிக்கொண்டு கலசப்பாக்கம் போய்ச் சேர்ந்தார். அவர் காலி செய்த பக்கத்து வீட்டுக்கு இப்போது ஒரு பேங்க் ஊழியர் வந்திருக்கிறார். அமைதியான மனிதர். பகலில் நான் நன்றாகத் தூங்கலாம். தூங்கத்தான் முடியவில்லை.

ஆனால் மாஸ் அண்ணன் விட்டபாடில்லை. காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அவருடைய வாய்ஸ் மெசேஜ் வந்துவிடும். "தம்பி, கெணத்துல புது மாஸ் ஒண்ணு புச்சிருக்கேன், பாத்தியா" என்று ஆரம்பித்தால் செய்யாரிலிருந்து ஆரணி வந்து சேரும்வரை ஓடும். இடையில் இருமுவார், கலா அக்காவைத் தண்ணீர் கேட்பார், மறுபடி தொடர்வார். உபயோகமாக ஒரு சொல் இருக்காது. அடிக்கடி போனில் இடம் இல்லை, எதையாவது அழி என்று காட்டுகிறது. என் மச்சினன் கல்யாண வீடியோவை அழித்துவிட்டேன், சுதாவுக்கு இன்னும் தெரியாது. அண்ணன் அனுப்பியதில் இதுவரை ஒன்றைக்கூட அழிக்கவில்லை.