மை சாமியின் கைக்கடிகாரம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் நீளமான வரிசையைப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டே இடம்தான். ஒன்று, புதுப்படம் போட்ட கொட்டகை. இன்னொன்று, சந்தர் ரோட்டில் தனசேகர சுவாமிகளின் மாடிப்படி. கொட்டகையில் டிக்கெட் தீர்ந்துபோகும். சுவாமிகளிடம் ஏமாறுவதற்கு எந்நேரமும் இடம் இருந்தது.

சுவாமிகள் வெற்றிலையில் மை தடவிப் பார்ப்பார். திருடு போன பொருள் எங்கே, எடுத்தவன் எப்படி இருப்பான், எல்லாம் அதில் தெரியும். அவருக்கு மட்டும். மற்றவர்கள் எட்டிப் பார்த்தால் வெற்றிலை தெரியும்.

சும்மா சொல்லக் கூடாது, காணாமல் போன சைக்கிள் சில சமயம் திரும்பியும் வந்தது. மூன்றாம் தடவை மை பார்த்து, மூன்றாம் காணிக்கையும் வைத்த பிறகு, ஏதாவது ஒரு சாக்கடை ஓரத்தில் சாய்ந்து நிற்கும். பத்துக்கு மூன்று இப்படி வரும். வராத ஏழுக்குச் சனி பகவான் பொறுப்பு.

ஒரே ஒரு நிபந்தனை. மாத்தாவிடம் போகக் கூடாது. மலாய்க்காரர்களைப் பார்த்து ஊரில் எல்லாரும் போலீஸ்காரரை மாத்தா என்றுதான் சொல்வார்கள். "காக்கி நிழல் பட்டா மை கறுத்துடும்" என்பார் சுவாமிகள். மை ஏற்கெனவே கறுப்புதானே என்று கேட்க அந்த வரிசையில் ஒரு ஆளும் இல்லை.

ரத்தினம்மாவும் கேட்கவில்லை. கெர்பாவ் ரோட்டில் ஓர் அறையில் இருந்துகொண்டு ரவிக்கை தைத்துப் பிழைப்பவள் அவள். கோயிலுக்குப் போய் வருவதற்குள் தையல் மெஷின் போய்விட்டது. இருபது நாள் ஆயிற்று. அறை மூலையில் இருபத்தாறு பேருடைய ரவிக்கைத் துணி மூட்டையாகக் கிடந்தது. தீபாவளிக்கு இன்னும் ஒன்பது நாள். துணியைத் திருப்பிக் கொடு என்று வாடிக்கைக்காரிகள் வாசலில் வந்து நிற்கத் தொடங்கியிருந்தார்கள். இந்தத் தீபாவளி கைவிட்டுப் போனால் அவர்கள் அடுத்த தீபாவளிக்கும் வரமாட்டார்கள்.

முதல் தடவை சுவாமிகள், "தண்ணி தெரியுது" என்றார். சுற்றிலும் கடல் உள்ள தீவில் இதைச் சொல்ல எவ்வளவு ஞானம் வேண்டும்! இரண்டாம் தடவை, "தண்ணிக்குப் பக்கத்துல தென்னமரம் தெரியுது" என்றார். ஞானம் முற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாம் தடவைக்கு ரத்தினம்மா கிளம்பியபோது, கடைவரிசையின் முன்னால் ஓடும் நடைபாதையான ஐந்தடியில் இடியாப்பம் விற்கும் ஆமினா பீவி மறித்தாள்.

"அடி ரத்தினம், ஸ்டேஷன் ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்கு. அங்க போயேன்லா."

"போனா மை செத்துடும் பீவிக்கா. அப்புறம் மெஷினு வரவே வராது."

"இப்ப மட்டும் வந்து மடியில உக்காந்திருக்கோ?" பீவி குரலைத் தாழ்த்தினாள். "அன்னைக்கிக் காலையில உன் வாசல்ல பச்சக் கூடு போட்ட மூணு சக்கர டிரைஷா ஒன்னு நின்னுச்சுடி. சாக்குக்குள்ளேர்ந்து ஒரு சக்கரம் நீட்டிக்கிட்டிருந்துச்சு."

"அடிப் பாவி! இத அன்னைக்கே சொன்னா என்னவாம்?"

"எனக்கெதுக்கு வம்புன்னு இருந்துட்டேன். இருபது நாளா அந்தச் சக்கரம் என் வயித்துக்குள்ள சுத்துது. நட, நானும் வர்றேன்."

மாடியில் கூட்டம் பக்தியிலும் வியர்வையிலும் நனைந்துகொண்டிருந்தது. ரேடியோ பறிகொடுத்த அழகப்பன் ஐந்தாம் தடவையாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான்கு தடவை தேறாதவர் அதே வகுப்பில் நீடிப்பதுதானே முறை.

சுவாமிகள் தங்க நிறக் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பலகையில் வைத்துவிட்டு, தலைக்கு இரண்டு செம்பு தண்ணீர் ஊற்றிக்கொள்ள உள்ளே போனார். ஒவ்வொரு தடவையும் மை தொடுமுன் அவர் கடைப்பிடிக்கும் ஆசாரம் அது. சீடன் பரமசிவம் வரிசையைச் சரிசெய்யப் படியிறங்கினான். கூட்டம் கண்ணை மூடிக் கும்பிட்டது. ரத்தினம்மா மட்டும் பயத்தில் கண்ணைத் திறந்திருந்தாள். பீவி கடிகாரத்தை எடுத்தாள். சுவாமிகள் உட்காரும் மான்தோலின் ஓரத்தைத் தூக்கினாள். உள்ளே தள்ளினாள். தன் இடத்துக்கு வந்து எல்லாரையும் போல் கண்ணை மூடிக்கொண்டாள். 

சுவாமிகள் ஈரத்தோடு வந்தார். மான்தோலில் உட்கார்ந்தார். பலகையைப் பார்த்தார்.

"என் வாட்ச் எங்க?"

பலகைக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார்.

"டேய் பரமசிவம்! கதவச் சாத்துடா! ஒரு பய வெளிய போகக் கூடாது! மாத்தாவக் கூப்பிடு!"

படியேறி வந்த பரமசிவம் வாசலிலேயே நின்றான், அசையவில்லை. அவனுக்கு அவன் கவலை. ஆனால் படியில் நின்ற பக்தர்கள் சாமி வாக்கைத் தட்டுவார்களா? "சாமி மாத்தாவக் கூப்பிடுறாரு" என்று ஒருவர் வாயிலிருந்து ஒருவர் வாய்க்கு அது தெருமுனை வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

"மாத்தா எதுக்கு சாமி?" என்றாள் பீவி. "கையிலதான் மை இருக்கே."

"சொந்தப் பொருளுக்கு மை பேசாதும்மா."

"அதனாலென்ன? வாட்ச்ச நம்ம ரத்தினத்துக்குக் கொடுத்துட்டதா வெச்சுக்குங்க. இப்ப அவ பொருளு. பாருங்க."

"பாருங்க சாமி!" என்றது கூட்டம். கேலியாகச் சொல்லியிருந்தால் சுவாமிகள் சபித்துத் தப்பியிருப்பார். நிஜமான பக்தியோடு சொன்னார்கள். அதற்கு அவரிடம் மருந்து இல்லை.

மை தடவினார். புருவத்தை நெரித்தார். "தெரியுது... ஒசரமான ஆளு... உட்லண்ட்ஸ் தாண்டிட்டான்... கடல் பாலத்துல போறான்... அக்கரை ஜோகூர்..."

"கொஞ்சம் எந்திரிங்க சாமி" என்றாள் பீவி.

"எதுக்கு?"

அவர் எழவில்லை. ரத்தினம்மா குனிந்து மான்தோலின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். சுவாமிகள் ஒரு பக்கம் உருண்டார். கடிகாரம் தரையில் டிக் டிக் என்றது.

"ஜோகூர் பாலம் சாமிக்கு அடியிலதான் இருக்கு போல" என்றாள் பீவி.

அதே சமயம் மலாய்க் கான்ஸ்டபிள் ஒருவர் வாசலில் வந்து நின்று, யார் கூப்பிட்டது என்று மலாயில் கேட்டார். சுவாமிகள் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, ஒன்றுமில்லை, கிடைத்துவிட்டது என்றார். பிறகு ரத்தினம்மா பக்கம் திரும்பித் தமிழில் மெல்லச் சொன்னார்: "வாயத் தொறந்தே, உன் மெஷினு கடலுக்குப் போயிடும்."

 இருபத்தாறு ரவிக்கைகளும் அவள் கண்முன் வந்தன. கூடவே ஒரு கேள்வியும் வந்தது: மெஷினைக் கடலில் போட இவர் யார்? இவரிடம் இருந்தால்தானே போட முடியும்?

"ஐயா," என்று கான்ஸ்டபிளிடம் போனாள். தெரிந்த மலாயில் உடைத்து உடைத்துச் சொன்னாள். மெஷின் போன நாள், நேரம், எல்லாம். பீவி பச்சைக் கூட்டு டிரைஷாவைச் சொன்னாள்.

"பச்சக் கூடா?" பின்னாலிருந்து பாக்கியலட்சுமி என்ற பெண் எழுந்தாள். "எங்க பித்தள அண்டா போன அன்னிக்கும் அதுதான் நின்னுச்சு!"

"எங்க வீட்டுப் பக்கமும்!"

"ஓட்டினவனுக்கு இடது கையில ஆறு விரலு, நான் பார்த்தேன்!"

ஆளுக்கொரு துண்டு. இத்தனை நாள் அதை வாயில் அடக்கிக்கொண்டு, ஒரே வரிசையில் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடி நின்றிருக்கிறார்கள். மை தேவைப்படாத சங்கதி. பக்கத்தில் நிற்பவரோடு பேசியிருந்தால் போதும்.

ஆறு விரல் என்றதும் பரமசிவம் இடது கையை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு பின்பக்கச் சுழல் படியில் இறங்கி ஓடினான். பின் சந்துவரை நீண்டிருந்த வரிசை, டோக்கன் கொடுக்க வந்தான் என்று நினைத்து அவனைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. பக்கத்திலேயே நின்றது பச்சைக் கூட்டு டிரைஷா.

பூட்டிக் கிடந்த பூசை அறையைத் திறந்தார்கள். தெய்வம் இல்லை. நான்கு சைக்கிள், இரண்டு ரேடியோ, ஓர் அண்டா, மெஷின். உன்னுடையதுதான் என்று எப்படித் தெரியும் என்று கான்ஸ்டபிள் கேட்டார். தினம் துடைத்து எண்ணெய் விடுகிறவள், மெஷின் தகட்டில் உள்ள நம்பரைப் பார்க்காமலே ஒப்பித்தாள். சாமியும் சீடனும் கான்ஸ்டபிளோடு ஸ்டேஷனுக்கு நடந்தார்கள்.

தீபாவளிக்கு முந்தின நாள் இருபத்தாறும் தயார். அவசரத்தில் மூன்றுக்குக் கை இறுக்கம். அதைப் பற்றி யாரும் புகார் செய்யவில்லை, செய்யாததும் நியாயம்தான்.

ஆனால் அழகப்பனைச் சொல்லாமல் விட முடியாது. கான்ஸ்டபிள் நோட்டுப் புத்தகத்தைத் திறந்ததுமே, "பேரெல்லாம் எழுதுவாங்க, நமக்கெதுக்கு" என்று நழுவியவர் அவர். கிடைத்த ரேடியோ இரண்டில் ஒன்று, சொந்தக்காரர் வராததால் இன்னும் ஸ்டேஷனில் கிடக்கிறது. ஜோகூரில் கண்ணாடியில் பார்த்துச் சொல்லும் புதுச் சாமியார் ஒருவர் இருக்கிறாராம். அழகப்பன் பஸ் ஏறியிருக்கிறார். பேசத் தெரிந்த பெட்டி ஊமையாகக் கிடக்கிறது, பேச வேண்டிய மனிதர் பாலம் தாண்டிப் போகிறார். ஐயா, உங்கள் தலைக்குள்ளும் ஒரு பொருள் இருந்ததே, அது பத்திரமாக இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். காணோமென்றால் அதையும் ஸ்டேஷனில் போய்ச் சொல்லுங்கள்.