கண்ணுக்குத் தெரிந்த ஏழைகள்

அரசாங்கம் எதையும் ஆதாரமில்லாமல் நம்புவதில்லை. ஒருவர் தன்னை ஏழை என்று சொல்லிக்கொண்டால் மட்டும் போதாது, பார்க்கிறவருக்கும் அப்படித் தெரிய வேண்டும் என்று கல்வித் துறை நீண்ட ஆலோசனைக்குப் பிறகு முடிவு செய்தது. அந்த முடிவைச் செயல்படுத்த ஓர் அதிகாரி எங்கள் சந்துக்கு வந்து சேர்ந்தார். வறுமைச் சரிபார்ப்பு அலுவலர் என்பது அவருடைய பதவி. ஒரு ஆளை ஏற இறங்கப் பார்த்தே அவன் ஏழையா இல்லையா என்று சொல்லிவிடும் பயிற்சி பெற்றவர்.

எங்கள் சந்து நகரத்தின் நடு வயிற்றில் இருக்கிறது. ஒரு பக்கம் பழைய டயர்க் கடைகள், மறுபக்கம் அச்சகம், கோடியில் மாதா கோயில். கோயிலுக்குப் பின்னால் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஆரம்பப் பள்ளி. வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே அங்கே இடம். சாப்பாடு, சீருடை, செருப்பு எல்லாம் இலவசம். தலைமை ஆசிரியையைப் பெரிய சிஸ்டர் என்போம். அவர் குரல் கேட்டால் டயர்க் கடைக்காரர்கள்கூட கெட்ட வார்த்தையைப் பாதியில் விழுங்கிவிடுவார்கள்.

அந்த வருஷம் ஊரில் ஒரு புது மோகம் பரவியிருந்தது. கஷ்டப்பட்டு வளர்ந்த பிள்ளைகள்தான் முன்னுக்கு வருகிறார்கள் என்று யாரோ ஒரு பேச்சாளர் மேடை மேடையாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். வசதியான வீடுகளில் ஒரே கவலை. நம் பிள்ளைக்குக் கஷ்டத்துக்கு எங்கே போவது? காசு கொடுத்து வாங்கலாம் என்றால் எந்தக் கடையிலும் இல்லை. விசாரித்ததில், எங்கள் சந்தில் ஏராளமாகக் கிடைக்கிறது என்று தெரிய வந்தது.

சேர்க்கை நாளன்று வரிசையில் முதலில் நின்றது தையல்கார அக்காவின் குடும்பம். அக்கா அச்சகத்துக்கு எதிரே மிஷின் போட்டுத் தைக்கிறவள். புருஷன் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். மகள் பெயரை யாரும் சொல்வதில்லை, வாலு என்றால்தான் தெரியும். பிள்ளையை முதல் வகுப்பில் சேர்க்கிற நாளாயிற்றே என்று மூவரும் இருப்பதிலேயே நல்ல துணியைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள்.

அதிகாரி ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க ஏழையா?"

"ஆமாங்க சார்" என்றாள் அக்கா.

"எங்கே? தெரியவே இல்லையே."

"அது... நல்ல நாளாச்சேன்னு..."

"சாப்பிட்டீங்களா?"

சாப்பிடவில்லை. ஆனால் கேட்கிறவர் வெளி ஆள். "ஆச்சுங்க சார். மூணு வேளையும் நல்லா சாப்பிடுறோம், ஒரு குறையும் இல்ல."

"வீட்ல கட்டில் இருக்கா?"

"இருக்குங்க" என்றார் மூட்டைக்காரர் பெருமையாக. கால் ஒடிந்த கட்டில், செங்கல் மேல் நிற்கிறது என்பதை விட்டுவிட்டார்.

"செருப்பு?"

வாலு காலைத் தூக்கி மேஜைமேல் வைக்காத குறை. "புதுசு சார்!"

அதிகாரி வருத்தத்துடன் தலையசைத்தார். "உண்மையான ஏழைங்களோட இடத்தைப் பிடிக்கப் பாக்கறீங்களே, மனசாட்சி வேண்டாமா? போங்க."

பெரிய சிஸ்டர் எழுந்துவிட்டார். "சார், இவங்க வீடு எனக்குத் தெரியும். மழை பெய்ஞ்சா உள்ள குடை பிடிச்சுட்டு நிப்பாங்க."

"சிஸ்டர், நீங்க கருணையால பாக்கறீங்க. நான் விதிப்படி பாக்கறேன்" என்றார் அதிகாரி. "அடுத்தது!"

அடுத்து வந்தது ஓர் அம்மாவும் மகனும். அவர்கள் வந்த கறுப்புக் கார் சந்துக்குள் நுழைய முடியாமல் முனையிலேயே நின்றிருந்தது. அந்த அம்மாளின் கால்சட்டை இரண்டு முழங்காலிலும் கிழிந்து நூல் தொங்கியது. பையன் சட்டையிலும் அங்கங்கே பொத்தல். அதிகாரி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"உக்காரும்மா. கடைசியா எப்பம்மா சாப்பிட்டே?"

"நேத்து மத்தியானம். ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் சார்."

"சோறு?"

"சோத்தைப் பாத்தே ஒரு வருஷம் ஆச்சு. இவனுக்கும் தர்றதில்ல. இலை தழைதான்."

அதிகாரி மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார். "செருப்பு போடலியாம்மா?"

"வெறுங்காலோடதான் நடக்கறோம்."

"வீட்ல கட்டில், மேஜை ஏதாவது...?"

"ஒண்ணும் கிடையாது சார். இருந்ததையும் வெளியில அனுப்பிட்டோம். வெறுந்தரையிலதான் படுக்கறோம். அதுலதான் நிம்மதி."

அந்த அம்மாள் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு பையனைச் சேர்த்துக்கொண்டார். அன்று மாலைக்குள் முதல் வகுப்பு நிறைந்துவிட்டது. அத்தனை பேரும் கண்ணுக்குத் தெரிந்த ஏழைகள். சந்து முனையில் கார் நிறுத்த இடமில்லை.

வீட்டுக்குப் போனதும் மூட்டைக்காரர் கத்தரிக்கோலை எடுத்தார். "கவுனை ரெண்டு இடத்துல கிழிச்சு விட்டா என்னடி? நாளைக்கு மறுபடி போய் நிப்போம்."

"கையை வெட்டிடுவேன்" என்றாள் அக்கா. "ஊரான் துணியையெல்லாம் தெச்சுக் குடுக்கறேன். என் பொண்ணு கிழிசலோட போவாளா?"

வாலு மட்டும் தினமும் பள்ளிக் கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, உள்ளே சொல்லித் தரும் பாட்டை உள்ளே இருப்பவர்களைவிடச் சத்தமாகப் பாடினாள்.

பெரிய சிஸ்டர் யாருடனும் சண்டைக்குப் போகவில்லை. ஏழைப் பிள்ளைகளுக்கு என்னென்ன செய்ய வேண்டுமோ அதையெல்லாம் வந்த பிள்ளைகளுக்கு ஒழுங்காகச் செய்தார். கிழிந்த சட்டையைக் கழற்றிவிட்டுத் தேய்த்த சீருடை போட்டுவிட்டார். காலுக்குச் செருப்பு மாட்டினார். மத்தியானம் சுடச்சுடச் சோறு, குழம்பு, முட்டை. கறுப்புக் கார் அம்மாளின் பையன் முதல் நாள் தட்டைப் பார்த்து, "இதெல்லாம் எனக்கா?" என்று கேட்டான். மறுநாள் சமையல்கார ஆயாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக மாட்டேன் என்றான்.

மழைக்காலம் தொடங்குவதற்குள் பையனுக்குக் கன்னம் உப்பிவிட்டது. அம்மாள் பதறிக்கொண்டு வந்தாள்.

"என்ன சிஸ்டர் இது! கஷ்டப்படட்டும்னுதானே இங்க சேத்தேன்? நீங்க சந்தோஷமா வெச்சிருக்கீங்களே!"

"மன்னிச்சுக்கங்கம்மா" என்றார் பெரிய சிஸ்டர். "கஷ்டம் எங்க ஸ்கூல்ல சொல்லித் தர்றதில்ல. பிள்ளைங்க அதை வீட்லேர்ந்தே கொண்டு வந்துடுவாங்க."

அதற்குள் ஊருக்கு வெளியே காட்டுக்குள் ஒரு பள்ளி திறந்திருந்தார்கள். கூரை கிடையாது, கரும்பலகை கிடையாது, கொசு மட்டும் உண்டு. கட்டணம் மிக அதிகம். ஒரே வாரத்தில் முதல் வகுப்பு முழுக்கக் காரில் ஏறி அங்கே போய்விட்டது. பையன் மட்டும் பின்கண்ணாடி வழியாக ஆயாவைப் பார்த்து அழுதுகொண்டே போனான்.

வகுப்பு காலியான அன்றே பெரிய சிஸ்டர் சந்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். வாலு முதல் பெஞ்சு.

சில நாள் கழித்து அதிகாரி மேற்பார்வைக்கு வந்தார். வகுப்பில் புது முகங்களைப் பார்த்துத் திகைத்தார்.

"நான் சேத்த ஏழைங்க எங்க சிஸ்டர்?"

"போயிட்டாங்க சார்."

"எதுல போனாங்க? காசுகூட இருந்திருக்காதே!"

சிஸ்டர் பொய் சொல்வதில்லை. "கார்ல."

"யாரோட கார்?"

"அவங்க சொந்தக் கார்தான்."

அதிகாரி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "வரும்போது கால்ல செருப்புகூட இல்ல. போகும்போது கார்! மூணே மாசத்துல!"

"சார், விஷயம் அப்படி இல்ல..."

"தன்னடக்கமெல்லாம் வேண்டாம் சிஸ்டர். எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். வறுமையைக் காலாண்டுக்குள் ஒழித்த முதல் பள்ளி என்று விருது வந்தது. மற்ற பள்ளிகளில் சேர்ந்த ஏழைகளுக்கு ஏன் இன்னும் கார் வரவில்லை என்று துறை விளக்கம் கேட்டது. ஆயாவின் குழம்பில் என்ன சேர்க்கிறார்கள் என்று கண்டறிய நிபுணர் குழு ஒன்று வந்து, இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, மேலும் ஆய்வு தேவை என்றது.

இதையெல்லாம் கேட்டுச் சந்தே வயிறு வலிக்கச் சிரித்தது. எல்லாரையும்விட அதிகம் சிரித்தவள் தையல்கார அக்காதான். ஆனால் விருது கொடுக்கிற படம் பத்திரிகையில் வந்த பிறகு சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. மூட்டைக்காரர் ஒரு நாள் வேலைக்குப் போகாமல் பள்ளி வாசலில் போய் நின்றார்.

"சிஸ்டர், வாலு சேந்து மூணு மாசம் ஆகப்போகுது. நம்ம கார் எப்ப வரும்?"

பெரிய சிஸ்டர் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். காரே கிடையாது என்று மாதாவின் மேல் ஆணையிட்டார். அவர் ஆணையிட்டு யாரும் பார்த்ததில்லை. அதனால் விஷயம் உண்மைதான், சிஸ்டர் யாருக்கோ பயந்து மறைக்கிறார் என்று சந்து ஒருமனதாக முடிவு செய்தது. அக்காவாவது புருஷனுக்குப் புத்தி சொல்வாள் என்று போய்ப் பார்த்தேன். இஞ்சு டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு சந்தின் அகலத்தை அளந்துகொண்டிருந்தாள்.

"சின்ன கார்னா வந்துடும்ல?" என்றாள்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இன்றைக்கும் பள்ளி வாசலில் கார் கேட்டுப் பெரிய வரிசை. டயர்க் கடைக்காரரிடம் என் இடத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் இதை எழுத வந்தேன்.