கண்டக்டர் வளர்த்த ஆறு மீன்

ஆறாவது மீனையும் பப்பாளி மரத்தடியில் புதைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்தபோது பாண்டித்துரை ஒரு தீர்மானத்துக்கு வந்தான். இந்த வீட்டில் மீன் எதுவும் சாகவில்லை.

தீர்மானம் நன்றாகத்தான் இருந்தது. தொட்டிதான் காலியாக இருந்தது.

மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி. உள்ளே பச்சை விளக்கு எரிந்தது. மோட்டார் குமிழி விட்டது. பிளாஸ்டிக் செடி ஆடியது. ஒரு பொம்மைத் தவளை நிமிடத்துக்கு ஒருதரம் வாயைத் திறந்து மூடியது. அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பயணியே ஏறாத பஸ் எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு போகிற மாதிரி இருந்தது.

பாண்டித்துரை கண்டக்டர். ராமநாதபுரத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே பதினோரு வருடமாக விசில் ஊதுகிறவன். அதனால் மீன்களுக்கும் நிறுத்தங்களின் பெயரைத்தான் வைத்திருந்தான். பெருங்குளம், உச்சிப்புளி, மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம். ஆறும் கோல்டு பிஷ்.

மூன்றாம் வகுப்பில் ஒரு ஊறுகாய்ப் பாட்டிலில் தொடங்கிய பழக்கம். முப்பது வருடத்தில் பாட்டில் தொட்டியானது, பழக்கம் பெருமையானது. பஸ்ஸில் கூடையோடு ஏறும் மீன்காரர்களிடமே மீனைப் பற்றி வகுப்பெடுப்பான். "நீங்க மீனப் பிடிக்கிறவுக. நான் மீனப் படிக்கிறவன்" என்பான். அவர்கள் பாம்பன் வரும்வரை பேசாமல் கேட்டுவிட்டு இறங்கிப் போவார்கள்.

அப்படிப்பட்டவனுக்குத்தான் மனைவி ஒரு பரீட்சை வைத்துவிட்டுப் போனாள்.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து, யுவராணி அபிராமத்தில் இருக்கும் தாய்வீட்டுக்குக் கிளம்பிய அன்று நடந்தது அது.

"என்னங்க, பிள்ளை பிறந்தா உங்க கையில கொடுக்கவே எனக்குப் பயமா இருக்கு."

"ஏன், எனக்குக் கை இல்லையா?"

"கை இருக்கு. கவனம் இருக்கா? போன வாரம் டிக்கெட் பைய மார்க்கெட்டுல வச்சுட்டு, வெண்டைக்காய்ப் பையோட டூட்டிக்குப் போனீக."

"அது ரெண்டும் ஒரே கலருடி."

"பிள்ளைக்கும் ஒரு துண்டுதான் சுத்தி வப்பாக. எந்தத் துண்டுல பிள்ளை இருக்குன்னு பாத்து எடுப்பீகளா?"

பாண்டித்துரைக்கு ரோஷம் வந்தது. "முப்பது வருசமா மீனு வளக்குறேன். உசுருன்னா என்னான்னு எனக்கே சொல்லித் தாரியா?"

யுவராணி சற்று நேரம் தொட்டியைப் பார்த்தாள். பிறகு வயிற்றைத் தடவிக்கொண்டாள்.

"சரி. நான் வாரவரைக்கும் இந்த ஆறையும் பாத்துக்கங்க. திரும்பி வந்த அன்னைக்கு, வாசல்லயே பிள்ளைய உங்க கையில தாரேன். அதுவரைக்கும் யாரு சொன்னாலும் தர மாட்டேன்."

"இப்பவே கைய நீட்டிக்கிறேன்."

"ஒருவேளை ஏதாச்சும் செத்துப்போனா, செத்துப்போச்சுன்னு எனக்கு ஒரு போன் போடுங்க. பேசிக்கிருவோம்."

"சாகுறதா? என் கிட்டயா?" என்று சிரித்தான் பாண்டித்துரை.

"தண்ணி மாத்தும்போது மட்டும்..."

"ஏத்தா, எனக்கேவா?" என்று கையைக் காட்டி நிறுத்திவிட்டான். அந்த வாக்கியத்தை அவள் முடித்திருந்தால் ஆறு உயிர் தப்பியிருக்கும்.

ஏனென்றால் முப்பது வருடத்தில் பாண்டித்துரை ஒருநாளும் தண்ணீர் மாற்றியதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அம்மா மாற்றினாள். கல்யாணத்துக்குப் பிறகு யுவராணி மாற்றினாள். பாசி தேய்த்தது, பில்டர் கழுவியது, அளவு பார்த்துத் தீனி போட்டது எல்லாம் அவர்கள்தான். அவன் வளர்த்தது எப்படி என்றால், எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து "அடடா" என்று சொல்லி வளர்த்தான். இந்த உண்மை முதல் வாரத்திலேயே, தண்ணீர் கலங்கத் தொடங்கியபோது, அவனுக்கே தெரிந்துபோனது. தெரிந்ததும் சுற்றுமுற்றும் பார்த்தான். யாரும் இல்லை என்பதில் ஒரு நிம்மதி.

நான்கு நாளைக்கு ஒருதரம் வரும் காவிரித் தண்ணீரைக் குழாயிலிருந்து நேரே பிடித்து ஊற்றினான். அது குளோரின் வாடையோடு வந்தது. அதைக் குடத்தில் பிடித்து இரண்டு நாள் திறந்து வைத்து, வாடை போன பிறகுதான் யுவராணி ஊற்றுவாள் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? மறுநாள் காலை பெருங்குளம் மல்லாந்துவிட்டது.

காவிரி வேண்டாமென்று போர்த் தண்ணீரை ஊற்றினான். ராமநாதபுரத்துப் போர்த் தண்ணீரில் சோப்பே நுரைக்காது. உப்பு. உச்சிப்புளியும் மண்டபமும் ஒரே வாரத்தில் போயின. மிச்சமிருந்த மூன்றுக்கும் தண்ணீர் சரியில்லையே என்ற இரக்கத்தில் தீனியை அள்ளிப் போட்டான். தின்றே பாம்பன் போனது. தின்றே தங்கச்சிமடம் போனது. ராமேஸ்வரம் மட்டும் தனியாக இரண்டு மாதம் தாக்குப்பிடித்து, யுவராணி வருவதற்கு மூன்று நாள் இருக்கும்போது போய்ச் சேர்ந்தது. ரூட் மாறவில்லை. ஒரு ஸ்டாப்பும் விட்டுப்போகவில்லை.

இதற்கு நடுவில் தினமும் சாயங்காலம் போன்.

"மீனெல்லாம் எப்படி இருக்கு?"

"அதுக்கென்ன, அது பாட்டுக்கு இருக்கு."

"காட்டுங்களேன்."

"இங்கன சிக்னல் இல்ல. வீடியோ எடுத்து அனுப்புறேன்."

வளைகாப்பு சமயத்தில் எடுத்த பழைய வீடியோ ஒன்று செல்போனில் கிடந்தது. பதினெட்டு விநாடி. ஆறு மீனும் தீனிக்கு முட்டி மோதும். ஞாயிற்றுக்கிழமைதோறும் அதையே அனுப்பினான்.

"பாம்பன் நல்லா சுறுசுறுப்பா இருக்கே" என்பாள் யுவராணி.

"நம்ம வளப்பு அப்படி" என்பான் பாண்டித்துரை. போனை வைத்ததும் அன்று சோறு இறங்காது.

பெண் குழந்தை பிறந்தது. லீவு கிடைக்கும்போதெல்லாம் அபிராமத்துக்கு ஓடினான். குழந்தை தூங்கும். யுவராணி தூங்க மாட்டாள். பத்து நிமிடத்துக்கு ஒருதரம் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். கொசு ஒன்று பறந்தால்கூட எழுந்து நிற்பாள். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது. பாண்டித்துரை பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான்.

"ஒரு தடவை தூக்கட்டா?"

"வாசல்லன்னு சொன்னேன்ல. பேச்சுன்னா பேச்சு."

மாமியார் சோணையம்மாளுக்கே பொறுக்கவில்லை. "ஏத்தா, மாப்பிள்ளை ஆசையாக் கேக்குறாக. குடேன்."

"இருக்கட்டும்மா. மீனு நல்லா இருக்குல்ல, இன்னும் கொஞ்ச நாள்தானே."

குழந்தை தூக்கத்திலேயே கையை நீட்டி அவன் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது. அன்றைய கணக்குப்படி நான்கு மீன் மண்ணுக்குள் இருந்தன. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான்.

"மீனெல்லாம் உன்னயக் கேட்டுச்சு" என்று வந்தது.

ராமேஸ்வரம் செத்த மறுநாள், அரண்மனைப் பக்கம் வளர்ப்பு மீன்கடை வைத்திருக்கும் ஹமீது சுல்தானிடம் போனான்.

"வாங்க கண்டக்டர் தம்பி. ஆறுதானே?"

"ஆமா பாய், ஆறு."

"ஒண்ணுக்கு நெத்தியில வெள்ளை. ஒண்ணுக்கு வாலு லேசாக் கிழிஞ்சிருக்கணும். இன்னொண்ணு கிறுக்கு மாதிரி வட்டம் அடிக்கணும். சரியா?"

கவரைத் தூக்கிக் காட்டினார். பாண்டித்துரைக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பெருங்குளம் முதல் ராமேஸ்வரம் வரை ஆறும் அப்படியே உரித்து வைத்தாற்போல் நீந்தின. எத்தனை மீன், என்ன அடையாளம் என்று தான் இன்னும் வாயே திறக்கவில்லையே என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. கடவுள் கைவிடவில்லை என்றுதான் தோன்றியது.

"எப்படி பாய் இப்படி அமைஞ்சுச்சு?"

"அல்லா கொடுக்குறான்" என்று ஹமீது சுல்தான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு ரப்பர் பேண்ட் போட்டார். தண்ணீரை இரண்டு நாள் திறந்து வைக்க வேண்டும் என்ற விஷயத்தைச் சொல்லி, அவசரமென்றால் இரண்டு சொட்டு விட ஒரு மருந்தையும் அவர்தான் கொடுத்தார். முப்பது வருடம் ஓடிய பஸ்ஸில் பிரேக் எங்கே இருக்கிறது என்று அன்றுதான் கேட்டுத் தெரிந்துகொண்டவன்போலப் பாண்டித்துரை தலையாட்டினான்.

படி இறங்கும்போது அவர் கூப்பிட்டார். "தம்பி, ஒண்ணு சொல்லவா? பொஞ்சாதிகிட்ட உள்ளதச் சொல்லிட்டா யாருக்கும் உசுரு போயிராது."

"போனது போயிருச்சே பாய்."

"அதத்தான் சொல்லச் சொல்றேன்."

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஆட்டோ வந்தது. பாண்டித்துரை மூன்றுமுறை சோப்புப் போட்டுக் கை கழுவி, துவைத்த வேட்டி கட்டி, வாசலில் நின்றான். சோணையம்மாள் பைகளோடு இறங்கினாள். யுவராணி குழந்தையோடு இறங்கினாள். அவன் இரண்டு கையையும் நீட்டினான்.

யுவராணி படியில் நின்றாள். குழந்தையை நெஞ்சிலிருந்து எடுத்து அவன் பக்கம் பாதி தூரம் கொண்டுவந்தாள். பால் வாடை அவன் மூக்குவரை வந்துவிட்டது.

"மீனெல்லாம் எப்படிங்க இருக்கு?"

குழந்தை அவனைப் பார்த்தது. அவன் குழந்தையைப் பார்த்தான். இப்போது சொன்னால்கூடப் போதும் என்று உள்ளே ஒரு குரல். இவ்வளவு கிட்டே வந்த பிறகா என்று இன்னொரு குரல்.

"நீ எப்படி விட்டுட்டுப் போனியோ அப்படியே இருக்கு. ஒண்ணுகூடக் குறையல."

யுவராணி அவன் முகத்தையே பார்த்தாள். பாதி தூரம் வந்த குழந்தை திரும்ப நெஞ்சுக்குப் போனது. நீட்டிய கைகளுக்குப் பக்கவாட்டில் நடந்து நேரே தொட்டியிடம் போய் நின்றாள்.

"பாம்பன் இளைச்சுருச்சே."

"உன்னய நினைச்சுத்தான்."

"வீடியோவுல குண்டா இருந்துச்சு."

"வீடியோவுல எல்லாமே குண்டாத்தான் தெரியும்."

"அந்த வீடியோவுல தீனி போடுறது யாரு கையி?"

"என் கைதான். வேற யாரு இருக்கா இங்கன?"

"முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையலு" என்றாள் யுவராணி நிதானமாக. "உங்களுக்கு எப்பங்க வளைகாப்பு நடந்துச்சு?"

சோணையம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். நாற்பது தடவையாவது அந்த வீடியோவைப் பார்த்திருப்பான் பாண்டித்துரை. மீனை மட்டுமே பார்த்திருந்தான்.

"மொத ஞாயித்துக்கிழமையே தெரியும். ஹமீது அண்ணனுக்கு போன் போட்டு, அடையாளம் சொல்லி, ஆறையும் தேடி எடுத்து வைக்கச் சொன்னதே நான்தான்."

"ஆறும்னு எப்படி..."

"ஒண்ணோட நிப்பாட்டுற ஆளா நீங்க?"

"நீயே ஏற்பாடு பண்ணிட்டு என்னய எதுக்கு..."

"எனக்கு போன் போடுவீகளா, கடைக்குப் போவீகளான்னு பாக்கத்தான். மீனு சாகுங்க. எங்கிட்டயும்தான் ரெண்டு செத்துச்சு. அன்னைக்கே உங்ககிட்டச் சொல்லலையா?"

சொல்லியிருந்தாள். அன்று அவளுக்கு அவன் ஒரு மணி நேரம் மீன் வளர்ப்பு வகுப்பெடுத்திருந்தான். அது இப்போது நினைவுக்கு வந்திருக்க வேண்டாம்.

"நாளைக்கு இதுக்கு ஒரு காய்ச்சல் வந்தா, எனக்குச் சொல்லுவீகளா? இல்ல, நெத்தி அடையாளம் சொல்லி வேற ஒண்ணு வாங்கி வப்பீகளா?"

கேலியாகத்தான் தொடங்கினாள். முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. அவள் விரல் தானாகக் குழந்தையின் மூக்கருகே போனது. இத்தனை மாதமாக அவள் எதற்குப் பயந்திருக்கிறாள் என்பது பாண்டித்துரைக்கு அப்போதுதான் உறைத்தது. செக்கிங் இன்ஸ்பெக்டரிடம் மாட்டிய கண்டக்டர்கூட நாலு காரணம் சொல்லுவான். அவனுக்கோ நீட்டிய கைகளை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை.

"தப்புத்தான் யுவராணி. இனிமே எதா இருந்தாலும் மொத உனக்குத்தான் சொல்லுவேன்."

"பாப்போம். இந்த ஆறையும் நீங்களே தண்ணி மாத்தி வளங்க. ஒண்ணு செத்தாலும் வந்து சொல்லுங்க."

"சொல்றேன். அப்ப, பிள்ளை?"

யுவராணி பாயை விரித்துக் குழந்தையைப் படுக்க வைத்தாள். மேலே குடைபோல விரியும் கொசுவலையைக் கவிழ்த்தாள். பிறகு நான்கடி தள்ளி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அங்கன உக்காந்து, மீனப் பாக்குற மாதிரியே பாத்துக்கிட்டு இருங்க. தட்டிக் கூப்பிடாதீக, பயந்துக்கும்."