நாலாவது எலுமிச்சம்பழம்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. பத்தரைக்கு ராகு காலம்.

மாயவன் தன் முதல் காரின் முன் நின்றார். இருபத்தைந்து வருடம் பாப்பாரப்பட்டி பஸ்ஸில் நின்றபடியே பள்ளிக்கூடம் போன வாத்தியார். நேற்றிரவு மின்வெட்டில் ஷோரூம் டிரைவர் மின்சாரக் காரைக் கொண்டுவந்து, போர்டிகோ சுவரை மூக்கு தொடும்படி நிறுத்தி, சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். நம்பர் பிளேட் இன்னும் மாட்டவில்லை.

மனைவி கோகிலவாணி நான்கு எலுமிச்சம்பழங்களோடு வந்தாள்.

"சக்கரத்துக்கு முன்னால வெச்சா ஏத்த எடமே இல்லீங்களே."

"பின்னால வை. ரிவர்ஸ்ல ஏத்திடறேன்."

"புது வண்டி மொதமொதல்ல பின்னாலயா போவும்? பழம் நசுங்கட்டும், அப்பறம் எப்படி வேணா போங்க. இல்லாட்டி நான் ஏற மாட்டேன்."

அவள் ஏறாவிட்டால், மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்கும் அவள் அம்மாவைப் புதுக் காரில் அழைத்துவர முடியாது; அவர் ஆட்டோவில் வருவார். அதைப் பற்றிப் பொங்கல் வரை பேசுவார்.

"அப்ப வண்டியத் தூக்கி, அடியில பழத்த வெச்சு எறக்கிடலாம்," என்றார் மாயவன்.

காரில் ஜாக்கி இல்லை. ஸ்டெப்னியும் இல்லை. பஞ்சர் ஒட்டும் பசைதான் இருந்தது.

எதிர் வீட்டு வீரமணி லாரிக்காரர். லாரி ஜாக்கியோடு வந்தார்.

"நானும் இதே வண்டிதான் வாத்தியாரே புக் பண்ணிருக்கேன். இதே வெள்ள. இன்னிக்கு வரும்."

மாயவன் வண்டிப் புத்தகத்தைப் பிரித்தார். "மத்த சக்கரத்துக்குக் கல்லு வைக்கணும். அம்புக்குறி போட்ட எடத்துல மட்டும்தான் தூக்கணும். நடுவுல பேட்டரி. அது நசுங்கினா வண்டியே போச்சு."

"லாரிக்கு நாங்க புஸ்தகமா படிச்சோம்?"

ஜாக்கி உயரம். காருக்கடியில் நுழையவில்லை. வீரமணி கடப்பாரையால் டைல்ஸைப் பெயர்த்துக் குழி தோண்டினார்.

"போன மாசம் போட்டதுண்ணா," என்றாள் கோகிலவாணி.

"அடியில மண்ணு நல்லாருக்குதும்மா."

நல்ல மண்ணில் ஜாக்கி புதைந்தது. கீழே சப்பாத்திப் பலகையை வைத்தார்கள். வண்டி எழுந்தது. பலகை பிளந்தது. ஜாக்கித் தலை அம்புக்குறிக்குப் பக்கத்தில் ஏறியது. டப்பென்று சத்தம்.

"சொட்ட விழுந்துடுச்சு." மாயவன் குனிந்து பார்த்தார்.

"விழட்டும். அப்பத்தான் சொந்த வண்டி. தொப்பூர் எறக்கத்துல நான் பாக்காத சொட்டையா?"

முதல் பழம் நசுங்கியது. இன்னொரு குழி. இரண்டாவதும் நசுங்கியது. மூன்றாவது நசுங்கும்போது சக்கரத்துக்கு வைத்த கல் நழுவியது. வண்டி நகர்ந்து, கதவு தூணில் உரசியது. கை நீளத்துக்கு ஒரு கோடு.

மாயவன் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எந்திரிங்க வாத்தியாரே. இதெல்லாம் ஒரு கீறலா? என் வண்டியா இருந்தா நான் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்."

நாலாவது எலுமிச்சம்பழம் உருண்டு காரின் நடுவுக்குப் போய்விட்டது.

"தூக்கின வண்டிக்கடியில கைய வுடக்கூடாது," என்றார் மாயவன். விளக்குமாற்றால் தள்ளினார். பழம் சக்கரத்தடிக்கு வந்தது. விளக்குமாறு ஜாக்கியில் பட்டது. ஜாக்கி சாய்ந்தது. வீரமணி இரண்டு கையாலும் பிடித்தும் கார் தொப்பென்று இறங்கியது. உள்ளே ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. வண்டி கீச் கீச்சென்று கத்தத் தொடங்கியது.

கோகிலவாணி குனிந்து பார்த்தாள். "நசுங்கிடுச்சுங்க," என்றாள். அவளுக்குத் திருப்தி. மணி பத்து இருபது.

அப்போது வாசலில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. நேற்றிரவு வந்த டிரைவர். காரைச் சரியாகப் பார்க்காமல் மாயவனை ஓரமாக அழைத்தான். குரலைத் தாழ்த்தவும் தெரியவில்லை அவனுக்கு.

"சார், ராத்திரி இருட்டுல வூடு மாத்தி வுட்டுட்டேங்க. உங்க வண்டி ஷோரூம்ல பத்தரமா நிக்குது. இது எதிர் வூட்டு வீரமணிங்கறவரோடது. அவருக்குத் தெரியறதுக்குள்ள எடுத்துடலாம், அந்த ஜாக்கிக்காரரக் கொஞ்சம் நகரச் சொல்லுங்க."