கல்லீரல் கழுவும் பேராசிரியர்

அந்த மழைக்காலத்தில் எங்கள் ம்வான்சா நகரத்தில் இரண்டே வகை மனிதர்கள் இருந்தோம். கல்லீரலைக் கழுவிக்கொண்டவர்கள். கழுவிக்கொள்ள வரிசையில் நின்றவர்கள்.

ஏரிக்கரைச் சாலையில், முன்பு கல்யாண மண்டபமாக இருந்த கட்டடத்தில், பேராசிரியர் மலுண்டே கடை விரித்திருந்தார். எந்தப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பும் சிலுவையும் பின்னிக்கொண்டு தொங்கின. ஒன்றுக்கு மசியாதவர் மற்றதற்கு மசிவார் அல்லவா?

வைத்தியம் எளிமையானது. நாற்காலிக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் தொட்டி. அதில் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு பிடி 'புனித உப்பு', ஷாக் அடிக்காத அளவுக்குக் கரண்டில் இணைத்த ஓர் இரும்புச் சுருள். காலைத் தொட்டிக்குள் வைத்து, மடிமேல் ஊதாத் துணியைப் போர்த்தி, கண்ணை மூடி ஜெபிக்க வேண்டும். கண்ணைத் திறந்தால் தண்ணீர் சாக்கடையாகியிருக்கும். "பார், உன் ஈரலை!" என்பார் பேராசிரியர். கூட்டம் "ஆமென்" என்று அலறும். முட்டி வலிக்காரர்கள் வந்தார்கள். கடன்காரர்கள் வந்தார்கள். மகளுக்கு மாப்பிள்ளை அமையாத தாய்மாரும் வந்தார்கள். மாப்பிள்ளைக்கும் கல்லீரலுக்கும் உள்ள தொடர்பு எங்களுக்கு அங்கேதான் தெரியவந்தது.

அந்த வரிசைக்கு ம்புலா டீச்சரும் வந்து சேர்ந்தார். எங்கள் தெருவில் குடியிருப்பவர், உயர்நிலைப் பள்ளியில் புவியியல் நடத்துபவர். மார்பில் புற்றுநோய். கீமோ ஏற ஏறக் கட்டி சுருங்கிக்கொண்டு வந்தது. தலைமுடி போனது, நாக்கில் ருசி போனது, ஊகாலிக் களியும் மீன் குழம்பும் மண்ணாகத் தெரிந்தன. எல்லாவற்றையும் பல்லைக் கடித்துத் தாங்கினார். ஒரு நாள் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர் கெமிலெம்பே, ஊசி போடாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"டீச்சர், கல்லீரல் என்சைம் ஏறியிருக்கு. பயப்படாதீங்க, இந்த மருந்துக்கு இது சகஜம்தான். மருந்தோட மல்லுக்கட்டி ஈரலுக்கு மூச்சு வாங்குது. கொஞ்சம் பொறுத்துப் போடலாம். அதுவரைக்கும் பீர் வேணாம், நாட்டு மருந்து வேணாம், வலி மாத்திரைகூட என்னைக் கேக்காம வேணாம்."

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணாம இருக்கணும். இப்ப அதுதான் வைத்தியம்."

சும்மா இருக்கச் சொல்லும் வைத்தியத்துக்கு எங்கள் ஊரில் மரியாதை கிடையாது. டீச்சருக்கோ ஊசி நின்ற ஒவ்வொரு நாளும் கட்டி மறுபடி வளர்வதுபோல் இருந்தது. குளிக்கும்போதெல்லாம் தடவித் தடவிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து அவருடைய அக்கா கபூலா வந்து நின்றார்.

"உன் டாக்டர் கையை விரிச்சுட்டா. இங்க ஒருத்தர் ஈரலையே வெளிய எடுத்துக் கழுவாத குறையாக் கழுவறாரு. கிளம்புடி!"

டீச்சர் காலை வைத்த தண்ணீர் கன்னங்கரேலென்று ஆனது. பேராசிரியரே ஒருகணம் மலைத்ததுபோல் நடித்தார்.

"டீச்சரம்மா, இது ஆஸ்பத்திரிக்காரன் உங்க உடம்புல ஊத்தின விஷம். இன்னும் இருக்கு." ஒரு பச்சைப் புட்டியை நீட்டினார். "காலையும் மாலையும் குடிங்க. ஆஸ்பத்திரியில நம்பர் இன்னும் ஏறினா பயந்துடாதீங்க. விஷம் வெளிய வருதுன்னு அர்த்தம்."

"இறங்கினா?"

"வெளிய வந்துடுச்சுன்னு அர்த்தம்."

ஏறினாலும் அவருக்கு வெற்றி, இறங்கினாலும் அவருக்கு வெற்றி. இப்படி ஒரு பரீட்சை இருந்தால் டீச்சரின் மாணவர்கள் எல்லோரும் முதல் வகுப்பில் தேறியிருப்பார்கள். ஆனால் டீச்சர் அன்று டீச்சராக இல்லை. பயந்துபோன ஒரு மனுஷியாக இருந்தார். புட்டியை வாங்கிக்கொண்டார்.

நம்பர் ஏறியது. கொஞ்சநஞ்சமல்ல, முன்னைப்போல் மூன்று மடங்கு.

"வேற ஏதாவது சாப்பிடறீங்களா டீச்சர்?" என்றார் டாக்டர்.

"இல்லியே."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "அப்ப கீமோதான் காரணம்னு நான் நினைக்கணும். கட்டி நல்லாக் கரைஞ்சுட்டு வருது, இந்த மருந்தை விட எனக்கு மனசே இல்ல. ஆனா இப்படியே போனா மாத்தித்தான் ஆகணும்."

டீச்சர் எழுந்து நடந்தார். வெளியே மரத்தடி பெஞ்சில் லுஹெண்டே உட்கார்ந்திருந்தார். கீமோ வார்டில் டீச்சருக்குப் பக்கத்து நாற்காலிக்காரர். குடலில் புற்று. கல்யாண வீடுகளில் டிரம்பெட் ஊதியவர், இப்போது மூச்சு பற்றாததால் வாயால் மட்டும் ஊதுகிறவர். எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினார் டீச்சர்.

"எனக்கும் போன வருஷம் ஏறிச்சு," என்றார் லுஹெண்டே. "பீரை விட்டுட்டு வீட்ல குந்தினேன். அதுவா இறங்கிச்சு. என் பொண்டாட்டிதான் ஏறினா, நாள் பூரா வீட்டுல இருக்கேன்னு."

"அண்ணே, கறுப்பா வந்துச்சு. என் கண்ணால பாத்தேன்."

"தண்ணி கறுத்ததைப் பாத்தே. அது உன் ஈரல்லேருந்து வந்ததை எந்தக் கண்ணால பாத்தே?"

டீச்சருக்குத் தன் வகுப்பு நினைவுக்கு வந்தது. ஒன்றோடொன்றை ஒப்பிடாமல் முடிவெழுதும் பிள்ளைகளுக்குச் சிவப்பு மையால் சுழிப்பவர் அவர். மெல்லச் சொன்னார்: "கால் இல்லாம ஒரு தொட்டி வச்சுப் பாத்திருக்கணும்."

"காலித் தொட்டிக்கு அவன் கரண்ட் குடுப்பானா? யார் காலாவது வேணும்."

"யாரு காலு?"

எதிரே சாப்பாட்டுக் கடையில் மாட்டுக்கால் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. இருவரும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

மறுநாள் லுஹெண்டே கணுக்கால் வரை தொங்கும் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு மண்டபத்துக்கு வந்தார். டீச்சரின் கூடையில் கீரைக்கட்டு. கீரைக்கடியில் இரண்டு மாட்டுக்கால்கள். கூட வந்த அக்கா கபூலாவிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. "கண்ணை மூடுங்க!" என்று முழங்கினார் பேராசிரியர். கூட்டம் மூடிய கண் அவருக்கு எவ்வளவு வசதியோ, எங்கள் டிரம்பெட்காரருக்கும் அவ்வளவு வசதி. தன் காலை மேலே இழுத்துக்கொண்டு, டீச்சர் கூடையிலிருந்து நீட்டிய மாட்டுக்கால்களைத் தொட்டிக்குள் இறக்கி, ஊதாத் துணியை மூடிவிட்டார்.

தண்ணீர் பழுப்பானது, கறுத்தது. பேராசிரியர் குனிந்து பார்த்தார், மூக்கைப் பொத்தினார்.

"ஐயையோ! நாற்பது வருஷக் குடி! இந்த ஈரல் சல்லடையாப் போச்சு. அதோட பொம்பளை விவகாரம் வேற."

"சத்தியமா இல்லீங்க ஐயா," என்றார் லுஹெண்டே. "புல்லைத் தவிர வேற எதையும் தொட்டதில்ல."

துணியை விலக்கினார். இரண்டு மாட்டுக்கால்கள், குளம்போடு, சாந்தமாக நின்றுகொண்டிருந்தன.

மண்டபம் அதிரச் சிரித்தது. ஆனால் பேராசிரியர் லேசுப்பட்டவரா? கையைத் தூக்கினார்.

"சிரிக்காதீங்க! மாட்டுக்கும் விஷம் உண்டு! செத்த மாட்டோட விஷத்தையே இழுக்குதுன்னா, இந்தத் தொட்டியோட சக்தியைப் பாருங்க!"

நம்ப மாட்டீர்கள். பாதிக் கூட்டம் தலையாட்டியது. பின்வரிசையில் ஒருத்தர், "அப்ப நான் நேத்து குடிச்ச சூப்பு?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

டீச்சர் எழுந்தார். குரல் வகுப்பறைக் குரலாக இருந்தது. "சரி, மாட்டையும் விடுங்க. புதுத் தண்ணி, உங்க உப்பு, உங்க கம்பி. உள்ள யார் காலும் வேணாம்."

"அது பாவம்!" என்றார் பேராசிரியர்.

கபூலா அக்காவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏன் ஐயா பயப்படறீங்க? நானே போடறேன். தண்ணி பளிங்கு மாதிரி நிக்கும், இவ மூஞ்சியில கரி பூசலாம்." அவரே குழாயில் தண்ணீர் பிடித்தார். அவரே உப்பைப் போட்டார். அவரே சுவிட்சைத் தட்டினார்.

தண்ணீர் யாருக்கும் பயப்படவில்லை. மஞ்சளானது. பழுப்பானது. துரு நுரைத்துக்கொண்டு கறுத்தது. கபூலா அக்கா தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகத் தலைநிமிர்ந்தார்.

"இது யாரோட ஈரல், பேராசிரியரே?"

பேராசிரியர் விசேஷ ஜெபத்துக்காகச் சமையலறைப் பக்கம் போனார். சமையலறைக்குப் பின்வாசல் ஒன்று இருந்தது. ஜெபம் இன்னும் முடியவில்லை போலிருக்கிறது, ஆள் திரும்பவில்லை.

டீச்சர் பச்சைப் புட்டியை டாக்டரின் மேசையில் வைத்தார். "இதைக் குடிச்சேன். உங்ககிட்ட பொய் சொன்னேன்."

டாக்டர் முகர்ந்து பார்த்துவிட்டுத் தூர வைத்தார். கோபம் வந்தது, அடக்கிக்கொண்டார். "கொஞ்சம் விட்டா நல்ல மருந்தைத் தூக்கிப் போட்டிருப்பேன் டீச்சர். என்ன குடிச்சாலும் திட்டுவேன், ஆனா சொல்லுங்க. தெரிஞ்சாத்தானே காப்பாத்த முடியும்?"

புட்டி மருந்து நின்றது. டீச்சர் உலகத்திலேயே கடினமான வைத்தியத்தைச் செய்தார், சும்மா இருந்தார். நம்பர் மெல்ல மெல்ல இறங்கியது. கீமோ பழைய மருந்தோடு மறுபடி தொடங்கிய அன்று, பக்கத்து நாற்காலியிலிருந்து லுஹெண்டே வாயாலேயே ஒரு கல்யாண ஊர்வலப் பாட்டு ஊதினார். நர்ஸ் வந்து அதட்டும்வரை நிறுத்தவில்லை.

கல்யாண மண்டபத்தில் இப்போது வேறொருவர் வந்திருக்கிறார். கண்ணாடியில் பார்த்தே சிறுநீரகத்தைச் சுத்தம் செய்கிறாராம். வரிசை ஏரிக்கரை வரை நீண்டுவிட்டதாகக் கேள்வி. வயிற்றில் விழுவதையெல்லாம் கல்லீரல் இரவு பகலாக வடிகட்டுகிறது, பாவம். காதில் விழுவதை வடிகட்டக் கழுத்துக்கு மேலே ஓர் உறுப்பு வைத்திருக்கிறோமே, அதற்கும் எப்போதாவது கொஞ்சம் வேலை கொடுங்கள் ஐயா!