மீட்டர் சார் அளந்த சந்தோஷம்

எதையும் அளந்துவிடலாம் என்று நம்புகிறவர்களில் மீட்டர் சாரைப் போல இன்னொருவர் தூத்துக்குடிக் கடற்கரையில் கால் வைத்ததில்லை. கேன்டீன் சாம்பாரின் சூட்டைக்கூட ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லச் சொல்வார். துறைமுகச் சாலையில் நான் ரெக்கார்டு பிரிவில் இருந்த தனியார் ஆஸ்பத்திரிக்கு, நர்சுகளின் மனநலத்தை அளக்கவென்றே அவர் வந்து சேர்ந்தது ஊரே மூழ்கிய வெள்ளத்துக்கு அடுத்த ஆடியில். கிழமை செவ்வாய், சந்தேகமே இல்லை.

"மனநோய எவனும் அளப்பான்வே. நான் அளக்கது மனநலத்த" என்பார்.

கேஷுவல்டியில் நோயாளியின் நெஞ்சை அமுக்கி உயிரை மீட்டுக்கொண்டிருக்கும் நர்சின் காதருகே குனிவார். "இந்த நிமிஷம் உங்க மனநிறைவு எத்தன, சிஸ்டர்?"

"அஞ்சு சார், அஞ்சு! தள்ளி நில்லுங்க!"

மீட்டர் சாரின் முகம் மலரும்.

எங்கள் ஊரில் சுகமா என்று கேட்டால், வீடு பற்றி எரிந்தாலும் நல்லாயிருக்கோம் என்றுதான் சொல்வோம். நர்சுகளும் அப்படியே சொன்னார்கள். ஆகவே வேலை மிக அதிகமான கேஷுவல்டியே ஆனந்தத்திலும் முதலிடம் பிடித்தது. இவ்வளவு ஆனந்தம் இருந்தால் ஆள் அதிகம் என்றுதானே பொருள்? மெர்சி என்ற நர்சைத் தோல்நோய்ப் பிரிவுக்கு மாற்றலாம் என்று எழுதிவிட்டார்.

தலைமை நர்சு ஜெசிந்தா பொங்கிவிட்டார். "மெர்சியும் போயிட்டா, ஒரே நேரத்துல ரெண்டு கேஸ் வந்தா எந்த உயிர விடச் சொல்லுதீய சார்?"

"அப்ப ஏன் சிஸ்டர் அஞ்சுன்னு சொன்னீய?"

"வேற என்னத்தச் சொல்ல? கேக்கவங்க மனசு சங்கடப்படும்லா!"

மீட்டர் சார் ஆடிப்போனார். மறுபடி அளப்பதற்காகக் கேஷுவல்டியிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அன்று பார்த்துப் புன்னைக்காயல் பக்கம் வள்ளம் கவிழ்ந்து நான்கு பேரைத் தூக்கிவந்தார்கள். நாற்காலி ஒரு பக்கம் விழுந்தது, மீட்டர் சார் ஒரு பக்கம் ஒதுங்கினார்.

"மரம் மாரி நிக்காம இதப் பிடிங்க சார்!" மெர்சி குளுக்கோஸ் பாட்டிலை அவர் கையில் திணித்தாள். தூக்கிய கையை அவர் இறக்கவில்லை, ஸ்டாண்டு வந்த பிறகும்.

நால்வரும் பிழைத்தார்கள். மீட்டர் சார் என்னையும் இழுத்துக்கொண்டு முதலாளி டாக்டரின் அறைக்குப் போனார்.

"மெர்சி அங்கனயே இருக்கட்டும் சார். கூட ஒரு நர்சும் வேணும்."

"ஆள் கூட்ட முடியாதுய்யா. இங்க எக்ஸ்ட்ராவா யாரு இருக்கா, எடுத்துட்டுப் புதுசாப் போட?"

"ஒருத்தன் இருக்கான் சார். நாந்தான்."

டாக்டர் ஒரு யோசனையை உடனே ஒப்புக்கொண்டது என் அனுபவத்தில் அன்றுதான்.

மீட்டர் சார் சொந்த ஊரான விளாத்திகுளத்துக்குக் கிளம்பிய அன்று, வழியனுப்பக் கேஷுவல்டியிலிருந்து யாராலும் வர முடியவில்லை. மெர்சி மட்டும் தன் மத்தியானச் சாப்பாட்டை என்னிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். அவர் பஸ் ஜன்னல் வழியாக வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பஸ் போன பிறகும் எனக்கு அந்த இடத்தைவிட்டு நகர மனம் வரவில்லை.