ஹாம்ஸ்டருக்கு இரண்டு கிட்னி

1999-இல் ஜார்ஜ் டவுனிலுள்ள ஓர் ஆய்வுக்கூடத்துக்கு ஐ.எஸ்.ஓ. தரச் சான்றிதழ் கிடைத்தது. அதைக் கண்ணாடி போட்டு வாசலில் மாட்டினார்கள். அன்று முதல் எந்தப் பாரத்திலும் எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது என்பது விதியாயிற்று.

அந்தச் சமயம் பார்த்தா டாக்டர் ஞானாம்பிகைக்கு ஒரு கண்டுபிடிப்பு கைகூட வேண்டும்? டத்தோ கிராமாட் வட்டாரத்தில் அவர் குடியிருந்த சந்தில் வீட்டுக்கு வீடு டிங்கிக் காய்ச்சல். ஆய்வுக்கூடத்தில் அவர் ஹாம்ஸ்டர் எலியின் செல்களை வளர்த்து, டிங்கிக் கிருமியின் ஆர்.என்.ஏ. போலவே இரட்டை இழைத் துண்டுகள் செய்து உள்ளே விட்டார். செல் அந்தத் துண்டை மாதிரியாக வைத்துக்கொண்டு, பிறகு வந்த கிருமியின் ஆர்.என்.ஏ.வைத் தேடித் தேடி வெட்டியது. புழுக்களிடம் இந்தத் திறமை இருப்பது முந்தின வருஷம்தான் தெரிந்திருந்தது. பாலூட்டிகளின் செல்லுக்கும் உண்டென்று யாரும் காட்டியிருக்கவில்லை. இன்னும் ஒரு தடவை செய்து காட்ட வேண்டும். செல்களுக்கு ஊட்டும் சீரமோ ஆறு வாரத்துக்குத்தான் இருந்தது.

சீரம் கேட்டு, பாரங்களை நிரப்பும் தலைமைக் கிராணி அப்புத்துரையிடம் போனார்.

"மிருகம் எத்தனை, டாக்டர்?"

"மிருகம் இல்லண்ணே. செல்லு. ஹாம்ஸ்டர் கிட்னியில எடுத்தது."

"அந்த ஹாம்ஸ்டர் எங்க?"

"1961-லயே செத்துப்போச்சு."

அப்புத்துரை பேனாவைக் கீழே வைத்தார். "சாவு சர்ட்டிபிகேட் இருக்கா?"

"அண்ணே, சைபர்னு போடுங்க லா."

"சைபர் போட்டா நீங்க வேலையே செய்யலன்னு ஆயிடும். ஒண்ணுன்னு போடுங்க. ஒண்ணுல என்ன வந்துடப் போவுது?"

ஞானாம்பிகை ஒன்று என்று போட்டார்.

பத்தாம் நாள் மிருக நலக் குழு கூண்டை அளக்க நாடாவுடன் வந்து, மிருகத்தைக் காட்டச் சொன்னது. மிருகம் இல்லை. 'அரசாங்க மிருகம் காணாமற்போனமை' குறித்து விளக்கம் கோரிக் கடிதம் வந்தது. ஆய்வு உதவியாளர் சித்தி ஹாஜரா பயந்துபோய், சூலியா தெருப் பக்கம் ஒரு கடையில் ஹாம்ஸ்டர் ஒன்றை வாங்கிக் கூண்டோடு கொண்டுவந்து வைத்தார்.

குழுவுக்குப் பரம திருப்தி. எலிக்கு எண் வழங்கப்பட்டது. மிருக வைத்தியர் அதை ஸ்கேன் எடுத்தார். அங்கேதான் வினை.

"டாக்டர், இதோட கிட்னியில செல் எடுத்ததா பாரத்துல இருக்கு," என்றார் அப்புத்துரை. "ஆனா ரெண்டு கிட்னியும் பத்திரமா இருக்கே!"

"அது வேற எலிண்ணே!"

"வேற எலின்னா ரெண்டு எலி. நீங்க ஒண்ணுன்னு எழுதியிருக்கீங்க."

பொய்த் தகவல் விசாரணை தொடங்கியது. குழு பெருந்தன்மையோடு ஒரு வழியும் சொன்னது: ஒரு கிட்னியை எடுத்துவிட்டால் ஆவணமும் எலியும் ஒத்துப்போகும். ஞானாம்பிகை மறுத்தார். விசாரணை நீண்டது; அது முடியும்வரை சீரம் கிடையாது. ஏழாம் வாரம் சித்தி ஹாஜரா செல் வளர்க்கும் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். செல்கள் மொத்தமும் செத்துக் கிடந்தன. ஞானாம்பிகை கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

அந்த மரணங்களைப் பற்றி யாரும் விளக்கம் கேட்கவில்லை. அவற்றுக்குக் கட்டம் இல்லை.

விசாரணை அறிக்கை அவரைக் கண்டித்தது. கூடவே, இத்துறையில் அவருக்குக் கிடைத்துள்ள ஆழ்ந்த அனுபவத்தைக் கருதி அவரையே குழு உறுப்பினராக்கவும் பரிந்துரைத்தது. உள்ளே போய் இதையெல்லாம் ஒழித்துக்கட்டுவது என்ற முடிவோடு ஞானாம்பிகை சம்மதித்தார்.

முதல் கூட்டத்தில் ரொட்டி ஈஸ்டை ஆராயும் ஷேக் அலாவுதீனின் விண்ணப்பம் வந்தது. ஞானாம்பிகை புரட்டினார். மூன்றாம் பக்கத்தில் ஒரு கட்டம் காலி. அவர் பேனாவை எடுத்து அந்தக் கட்டத்தைச் சுழித்தார்.

"இந்த ஈஸ்ட்ல," என்று தன் குரல் விசாரிப்பது அவர் காதிலேயே விழுந்தது, "ஆண் எத்தனை, பெண் எத்தனை?"

ஒருவரும் சிரிக்கவில்லை. தலைவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "நல்ல கேள்வி," என்று குறித்துக்கொண்டார்.